கடற்கரை விடுமுறையில் போர் விமானங்களுக்கு ஒரு நாள்: குடும்பத்தோடு கிளம்புவோருக்கு முழுமையான வழிகாட்டி

ஒரு சனிக்கிழமை காலை, கடற்கரை ஊர் ஒன்றில், ராணுவ விமானத் தளத்துக்கு எதிரே இருந்த மேட்டில் குடை விரித்து மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அத்தனை நேரத்தில் ஓடுபாதைப் பக்கம் அசைந்தது புல்வெட்டும் வண்டி ஒன்றுதான். ஏழு வயது மகன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இது எப்பப்பா மேல ஏறும்?" என்று கேட்டான். பயிற்சிப் பறப்பு பெரும்பாலும் வேலை நாட்களில்தான் நடக்கும் என்பதைக்கூட விசாரிக்காமல் குடும்பத்தைக் கிளப்பிக்கொண்டு போன பெருமை எனக்கே உரியது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு திட்டமிடும் வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டேன். அறை போட்டு, டிக்கெட் எடுத்து, கடைசியில் "அப்படியே ஒரு நாள் ஜெட் பார்த்துட்டு வரலாம்" என்பதுதான் வழக்கம். கடல் நாளைக்கும் அங்கேயே இருக்கும், விமானம் இருக்காது. எனவே விமான நாளை முதலில் குறியுங்கள். மற்ற நாட்கள் அதைச் சுற்றித் தானாக அமையும்.

படி 1: எந்த மாதிரிப் பார்க்கப் போகிறீர்கள்?

'போர் விமானம் பார்ப்பது' என்பதில் நான்கு தனித்தனி அனுபவங்கள் இருக்கின்றன.

முதலாவது, கடலோர வான்சாகச நிகழ்ச்சி. விமானங்கள் கடலுக்கு மேலே பறக்கும், கூட்டம் மணலில் நிற்கும். பிரிட்டனின் ரெட் ஏரோஸ் சாகசக் குழு ஹாக் ஜெட் விமானங்களோடு கடற்கரை ஊர்களில் இப்படித்தான் பறக்கிறது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் பென்சகோலா கடற்கரையில் ஜூலை மாதம் அந்நாட்டுக் கடற்படையின் ப்ளூ ஏஞ்சல்ஸ் சாகசக் குழு பறப்பதும் இந்த ரகம்.

இரண்டாவது, ஒத்திகை அல்லது பயிற்சிப் பறப்பு. என்னைக் கேட்டால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுவே முதல் தேர்வு. அதே விமானங்கள், அதே சாகசங்கள், கூட்டம் மட்டும் குறைவு. 1946-இல் தொடங்கிய ப்ளூ ஏஞ்சல்ஸின் சொந்த ஊரே பென்சகோலா கடற்படைத் தளம்தான். குளிர்காலத்தில் கலிபோர்னியாவின் எல் சென்ட்ரோவுக்குப் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு, வசந்த காலத்தில் ஊர் திரும்புவார்கள். அதன்பின் நவம்பர் வரை, பல வாரங்களின் நடுவில் தளத்திலேயே பயிற்சி நடக்கும். அங்குள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தின் பின்புறத்திலிருந்து பொதுமக்கள் பார்க்கலாம். நுழைவுக் கட்டணமும் கிடையாது. பெரிய நிகழ்ச்சிகளிலும் முந்தைய நாள் ஒத்திகை இருக்கும். அறிவிப்பில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, வேலி ஓரம். தளத்துக்கு வெளியே பொது இடத்தில் நின்று அன்றாடப் பறப்பைப் பார்ப்பது. அமெரிக்காவின் வர்ஜீனியா பீச் நகரில் உள்ள ஓசியானா கடற்படைத் தளத்தில் சூப்பர் ஹார்னெட் போர் விமானங்கள் ஏறி இறங்குவதை வெளியிலிருந்தே பார்க்க முடியும். செலவில்லை, உத்தரவாதமும் இல்லை.

நான்காவது, அருங்காட்சியகம். சத்தமில்லை, வெயிலில்லை, தொட்டுவிடும் தூரம். கோவாவில் போக்மாலோ கடற்கரைக்குப் போகும் வழியிலேயே 1998-இல் திறக்கப்பட்ட கடற்படை விமான அருங்காட்சியகம் இருக்கிறது. சீ ஹாக், சீ ஹாரியர் போர் விமானங்கள் இரண்டும் அங்கே நிற்கின்றன. விசாகப்பட்டினத்தின் கடற்கரைச் சாலையில் 1988 முதல் 2017 வரை கடற்படையில் இருந்த டியூ-142 நிற்கிறது. அது ஜெட் அல்ல, சுழலி பூட்டிய ராட்சத ரோந்து விமானம். ஆனால் அதன் வயிற்றுக்குள் ஏறி நடந்து பார்க்கலாம் என்பதால் குழந்தைகளிடம் ஜெட்டைவிட அதற்குத்தான் மவுசு.

கைக்குழந்தை இருந்தால் நான்காவது. நடக்கத் தெரிந்த பிள்ளைகள் என்றால் இரண்டாவது. பத்து வயது தாண்டிவிட்டால் எதுவும் சரி.

படி 2: தேதி குறிப்பது

வேலி ஓரத் திட்டமென்றால் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாட்களைப் பாருங்கள். அந்த நாட்டின் அரசு விடுமுறைப் பட்டியலையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள். நமக்கு அது சாதாரண புதன்கிழமை, அங்கே ஓடுபாதை காலியாகக் கிடக்கும்.

விமான நாளைப் பயணத்தின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் வையுங்கள். முதல் நாள் எல்லோரும் பயணக் களைப்பில் சிடுசிடுப்பார்கள். கடைசி நாளில் வைத்தால், மேகம் மூடினால் கதை முடிந்தது. நடுவில் வைத்தால் மாற்று நாள் ஒன்று மிச்சமிருக்கும்.

தளத்துக்குள் போவதாக இருந்தால் அடையாள அட்டை விதிகளைத் தேதி குறிக்கும்போதே படியுங்கள், வாசலில் போய் அல்ல. பென்சகோலா அருங்காட்சியகம் தளத்துக்குள் இருப்பதால் பெரியவர்களின் அடையாள அட்டையைச் சரிபார்த்துத்தான் விடுவார்கள். 2019 டிசம்பரில் அந்தத் தளத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு பொதுமக்களுக்கு மூடப்பட்ட வாசல், 2023-இல்தான் மறுபடி முழுமையாகத் திறந்தது. இப்படிப்பட்ட இடங்களில் விதி எப்போது வேண்டுமானாலும் மாறும். கிளம்புவதற்கு முந்தின நாள் தளத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தை இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

பிள்ளைகளிடம் "நாளைக்கு ஜெட் வரும்" என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். "நாளைக்கு ஜெட் தேடப் போறோம்" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இந்த ஒரு சொல் மாற்றம் இரண்டு அழுகைகளைத் தவிர்த்திருக்கிறது.

படி 3: தங்குமிடம்

தளத்துக்குப் பக்கத்தில் அறை எடுக்க ஆசை வரும். கடற்படைத் தளமாக இருந்தால் யோசியுங்கள். விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தட்டில் இறங்குவதற்கான பயிற்சியை விமானிகள் தரை ஓடுபாதையில், இருட்டில், திரும்பத் திரும்பச் செய்வார்கள். தொட்ட உடனே திரும்பவும் எழும்பும் விமானத்தின் சத்தத்தோடு குழந்தையைத் தூங்க வைப்பது பெரும்பாடு. கடலுக்கு நடக்கும் தூரத்தில் தங்கி, தளத்துக்கு வண்டியில் போவதே சுகம். கடலோர நிகழ்ச்சி நடக்கும் நாளில் மட்டும் இது தலைகீழ். சாலைகளை மூடிவிடுவார்கள், ஆகவே மணலுக்கு நடந்தே போகக்கூடிய அறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் செலவல்ல.

படி 4: காற்றைப் படிப்பது

எங்கே நிற்பது என்ற கேள்விக்குக் காற்றுதான் பதில் சொல்லும். கடற்கரை விடுமுறைக்காரர்களுக்கு அந்தக் காற்று ஏற்கனவே தோலில் படுகிறது.

விமானம் காற்றை எதிர்த்தே ஏறும், எதிர்த்தே இறங்கும். கடலோரத்தில் பகல் ஏற ஏற நிலம் சூடாகி, கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வீசத் தொடங்கும். பிற்பகலில் அது வலுவாக இருக்கும். அப்படியானால், கடலைப் பார்த்தபடி ஓடுபாதை அமைந்த தளத்தில், பிற்பகலில் விமானங்கள் கடலை நோக்கி ஏறும், நிலப்பக்கமிருந்து வந்து இறங்கும்.

இதை வீட்டிலிருந்தே கணக்குப் போடலாம். செயற்கைக்கோள் வரைபடத்தில் தளத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஓடுபாதையின் முனைகளில் வெள்ளையில் எண்கள் தெரியும். அது திசைகாட்டியின் பாகையைப் பத்தால் வகுத்த எண். 09 என்றால் 90 பாகை, கிழக்கு நோக்கி ஓடுவது. அதன் எதிர்முனை 27, மேற்கு நோக்கி. உங்கள் கடல் கிழக்கே இருந்து, மதியக் காற்றும் கிழக்கிலிருந்து வந்தால், 09 என்று எழுதிய முனையிலிருந்து கிழக்கே ஓடிக் கடலுக்கு மேலே ஏறுவார்கள். ஏற்றம் பார்க்க விரும்பினால் கடற்பக்கம் நில்லுங்கள். சக்கரம் தொங்க மெதுவாகத் தலைக்கு மேலே போகும் இறக்கம் பார்க்க விரும்பினால் நிலப்பக்கம். பருவக்காற்றோ புயல் சின்னமோ இருந்தால் இந்தக் கணக்கு தவறும். அன்றைய முன்னறிவிப்பில் காற்றின் திசையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்து சூரியன். கடல் கிழக்கே இருந்தால் காலை நிகழ்ச்சியில் சூரியன் நேர் கண்ணில் அடிக்கும், பிற்பகலில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மேற்குக் கடற்கரையில் இது அப்படியே மாறும். மேற்குக் கரையில் மாலை நிகழ்ச்சிக்குப் போனால் விமானம் கறுப்பு நிழலாகத்தான் படத்தில் விழும்.

விமானம் இருக்குமிடம் காட்டும் செயலிகளை நம்பி உட்காராதீர்கள். பயணிகள் விமானங்கள் அதில் வரிசையாக வரும். போர் விமானங்கள் பல சமயம் இருப்பிடத்தை ஒலிபரப்புவதே இல்லை.

படி 5: காது

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள்.

85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கப் பணியிடச் சுகாதார ஆய்வு நிறுவனமான நையாஷின் பரிந்துரை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். ஆஃப்டர்பர்னர் போட்டு ஏறும் போர் விமானத்துக்கு அருகில் 120-ஐத் தாண்டும். ஆஃப்டர்பர்னர் என்பது என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான வாயுவில் மறுபடி எரிபொருளைப் பீய்ச்சி எரிப்பது. பின்னால் நீளும் ஆரஞ்சுத் தீ அதுதான். அந்தத் தீ தெரிகிறது என்றால் காது மூடியிருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு நுரை அடைப்பான் போதும். அதை உருட்டி மெல்லியதாக்கி, இன்னொரு கையால் காதை மேலே இழுத்துப் பிடித்து நுழைத்து, அது விரியும்வரை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சும்மா செருகினால் பாதிப் பயன்கூட இல்லை. சிறு குழந்தைகளுக்கு அடைப்பான் கூடாது, பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வார்கள். தலையைச் சுற்றி வரும் இயர்மஃப் தான் சரி. பாட்டுக் கேட்கும் ஹெட்போன் இதற்கு உதவாது.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. இயர்மஃப் வாங்கி வைத்திருந்தோம், முதல் விமானம் வரும்போது போட்டுவிடலாம் என்று பைக்குள்ளேயே இருந்தது. முதல் விமானம் பின்பக்கமாக வந்துவிட்டது. அவள் மணலில் விரித்திருந்த துண்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, அதன்பின் அரை மணி நேரம் வெளியே வரவில்லை. அடுத்த பயணத்துக்கு முன் ஒரு வாரம், வீட்டில் தினமும் இயர்மஃப் போட்டுக்கொண்டு விமான வீடியோவைக் குறைந்த சத்தத்தில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். "முதல்ல கண்ணுக்குத் தெரியும், அப்புறம்தான் சத்தம் வரும்" என்று ஒரு விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தோம். அந்த முறை அவளே நொடிகளை எண்ண ஆரம்பித்துவிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குக்கூட இயர்மஃபைக் கழற்ற மறுத்தது வேறு கதை.

பாடம்: நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே போட்டு, முடியும்வரை கழற்றாதீர்கள். மற்ற விமானங்கள் ஒரு பக்கம் கவனத்தை இழுக்க, தனி விமானம் ஒன்று எதிர்பாராத பக்கமிருந்து தாழப் பறந்து வருவது சாகசக் குழுக்களின் பழைய வித்தை. ப்ளூ ஏஞ்சல்ஸ் இதை ஒலியின் வேகத்துக்குச் சற்றே குறைவாக, மணிக்கு சுமார் 1,100 கிலோமீட்டரில் செய்கிறார்கள். சத்தம் முன்கூட்டி எச்சரிக்கவே செய்யாது.

படி 6: பை

தண்ணீர், நினைப்பதைவிட இரண்டு மடங்கு. அகல விளிம்புத் தொப்பி. குடை பல நிகழ்ச்சிகளில் பின்னால் நிற்பவரை மறைக்கும் என்று தடுக்கப்படும், எனவே லேசான முழுக்கைச் சட்டைகள். பவர் பேங்க். கேமராவுக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை, மணலும் உப்பும் லென்ஸ் வளையத்துக்குள் போனால் அந்தக் கரகரப்பு லேசில் போகாது. பைனாகுலர் எடுத்தால் எட்டு மடங்குக்கு மேல் வேண்டாம், வேகமாகப் போவதைப் பின்தொடரும்போது கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

ட்ரோனும் பட்டமும் வீட்டிலேயே இருக்கட்டும். சாகச வான்வெளியில் இரண்டுமே ஆபத்து. ஒரு ட்ரோன் தெரிந்தாலே நிகழ்ச்சியை நிறுத்திவிடுவார்கள்.

படி 7: அந்த நாள்

சீக்கிரம் போய் இடம் பிடித்ததும் செய்யவேண்டிய முதல் வேலை, தொலைந்தால் சந்திக்கும் இடத்தைக் காட்டுவது. "அந்தக் கடை பக்கம்" என்பது போதாது, நகராத, உயரமான, எண் போட்ட ஏதாவது ஒன்று வேண்டும். குழந்தையின் மணிக்கட்டில் கைபேசி எண்ணை எழுதுங்கள். ஆனால் கூட்டம் பெருகியதும் சிக்னல் படுத்துவிடும், எனவே அந்த எண்ணை மட்டும் நம்ப முடியாது. காலையில் கிளம்பும்போதே பிள்ளைகளைப் படம் எடுத்துவைத்தால் என்ன நிறச் சட்டை என்று யோசித்துத் தடுமாற வேண்டியதில்லை.

இனி விமானத்தைக் கண்டுபிடிப்பது. எல்லோரும் சத்தம் வரும் திசையில் பார்த்து, "எங்கே, எங்கே" என்பார்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் விமானத்தின் சத்தம் உங்களை எட்ட நாலரை நொடி ஆகும். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் அது அதற்குள் ஒரு கிலோமீட்டர் முன்னேறிவிட்டிருக்கும். கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. சத்தம் வரும் இடத்திலிருந்து, விமானம் போகும் திசையில் மூன்று முஷ்டி தள்ளிப் பாருங்கள், அங்கே இருக்கும். ஒரே ஒருமுறை காட்டிக் கொடுத்தால் போதும், பிள்ளைகள் உங்களை முந்திவிடுவார்கள்.

ஈரமான கடல் காற்றில் வேகமாகப் போகும் விமானத்தைச் சுற்றி வெள்ளைப் பாவாடை போல ஒரு மேகம் சட்டென்று தோன்றி மறையும். பக்கத்தில் யாராவது "ஒலி வேகத்தைத் தாண்டிடுச்சு" என்பார்கள். அப்படியில்லை. இறக்கைமேல் அழுத்தம் குறைந்து காற்று குளிர, அதிலுள்ள ஈரம் திவலையாகிறது, அவ்வளவே. உலர்ந்த உள்நாட்டுத் தளங்களில் இது அபூர்வம். கடலோரத்தில் வந்து பார்ப்பதன் கொசுறு லாபம் இது.

படமெடுப்பவர்கள் ஜெட்டுக்கு ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதைவிட வேகமாகவோ வையுங்கள். சுழலி விமானம், ஹெலிகாப்டர் வந்தால் 250-இல் ஒரு பங்குக்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் சுழலி நின்றுபோன மாதிரி விழும். கைபேசி மட்டும் வைத்திருப்பவர்கள் வானத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் படமெடுங்கள். என் கைபேசியில் இருபது புள்ளி விமானங்களும், வாயைப் பிளந்த இரண்டு முகங்களும் இருக்கின்றன. எதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம் என்று சொல்லத் தேவையில்லை.

படி 8: வேலியும் சட்டமும்

2001 நவம்பரில், கிரேக்கத்தின் கடலோர நகரமான கலமாட்டாவில், விமான ஆர்வலர்கள் 14 பேர் கைதானார்கள். பிரிட்டிஷ்காரர்கள் 12 பேர், டச்சுக்காரர்கள் 2 பேர். தளத்தில் விமானங்களைக் குறிப்பெடுத்தது உளவு வேலை என்று வழக்கு. 2002 ஏப்ரலில் தண்டனை விதிக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில்தான் விடுதலை. ஒரு நாட்டில் பொழுதுபோக்காக இருப்பது இன்னொரு நாட்டில் குற்றமாகலாம். படமெடுக்கத் தடை என்ற பலகை இருந்தால் கேமரா பையை விட்டு வெளியே வரக்கூடாது. காவலர் கேட்டால் வாதாடாதீர்கள், நகர்ந்துவிடுங்கள். இருப்பிடக் குறியோடு உடனுக்குடன் சமூக ஊடகத்தில் போடுவதும் வேண்டாம்.

வேலியைப் பிடித்து நிற்பது தனி ஆபத்து. கரீபியத் தீவான சின்ட் மார்ட்டினின் மஹோ கடற்கரையில், 2017 ஜூலையில், புறப்பட்ட பயணிகள் விமானத்தின் என்ஜின் காற்று, வேலியைப் பிடித்து நின்ற ஒரு பெண்ணைத் தூக்கியடித்தது. அவர் உயிரிழந்தார். ஓடுபாதையின் முனைக்கு நேர் பின்னால் ஒருபோதும் நிற்காதீர்கள்.

படி 9: கடல் நாட்கள்

சிவப்பும் மஞ்சளும் பாதிப் பாதியாக உள்ள இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் குளியுங்கள், லைஃப்கார்டின் கண் அங்கேதான். முழுச் சிவப்பு என்றால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். அலைகள் உடையாமல் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கருத்துத் தெரிந்தால், குழந்தைகளுக்கு அதுதான் நல்ல இடம் என்று தோன்றும். உண்மையில் தண்ணீரைக் கடலுக்குள் இழுத்துப் போகும் நீரோட்டம் அதுவாக இருக்கலாம். அதில் மாட்டினால் கரையை நோக்கிப் போராடாமல், மிதந்து, கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும்.

சன்ஸ்க்ரீனைக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பும், பிறகு இரண்டு மணிக்கு ஒருமுறையும் பூசுங்கள். விமான நாளில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் மணிக்கணக்கில் முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருப்போம். மோவாய்க்குக் கீழே, கழுத்தின் முன்பக்கம், மூக்குத் துளையின் விளிம்பு: எங்கள் குடும்பத்தில் தோலுரிந்த இடங்கள் இவை.

படி 10: மேகம் மூடினால்

உடனே அறைக்குத் திரும்பாதீர்கள். சாகசக் குழுக்கள் மேகத்தின் உயரத்துக்கு ஏற்ப நிகழ்ச்சியை மாற்றி வைத்திருக்கும். ப்ளூ ஏஞ்சல்ஸுக்கு 8,000 அடிவரை வானம் திறந்திருந்தால் முழு நிகழ்ச்சி. 3,500 அடி இருந்தால் உயர வளையங்கள் இல்லாத சுருக்கம். 1,500 அடி இருந்தாலும் தட்டையாகப் பறந்து காட்டுவார்கள். தாழ்ந்த மேகத்தில் விமானங்களும் தாழவே பறக்கும் என்பதால் இந்தத் தட்டை நிகழ்ச்சிதான் எனக்கு அதிகம் பிடித்தது. இடி, மின்னல் என்றால் மட்டும் மணலை விட்டுக் கிளம்பி, வண்டிக்குள்ளோ அருங்காட்சியகத்துக்குள்ளோ போங்கள்.

நிகழ்ச்சி முடிந்த அடுத்த நிமிடம் எல்லா வண்டிகளும் ஒரே சாலைக்குள் நுழையும். பையில் மாற்றுத் துணி வைத்திருந்தால் அவசரப்படத் தேவையில்லை. கூட்டம் முதுகைக் காட்டி நடக்கும்போது நீங்கள் எதிர்ப்பக்கமாக, தண்ணீரை நோக்கிப் போங்கள். லைஃப்கார்ட் இன்னும் பணியில் இருக்கிறாரா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.